பிரிசில்லா எந்தக் காலில் இறங்கினாள்?

ஜனவரி 22, வியாழன்.

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். காலைப் பயிற்சியில் பிரிசி அக்கா குதித்து இறங்கியதை எண்ணினேன். மொத்தம் நாற்பது. வலது காலில் 37, இடது காலில் 3. எண்ணிக்கை சரி. கால்தான் தப்பு. அவர் என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது கால் என் வலது கைப் பக்கம் இருந்தது. அப்படியே கோடு போட்டுவிட்டேன்.

எழுதி முடித்ததும் வினோதினி பேனாவை மூடினாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள். மறுபடியும் மூடியைக் கழற்றி, 'சிறிய' என்ற சொல்லின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அடித்தாள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது ஆரோக்கியம்மாள் டீச்சரின் டைப்ரைட்டிங் வகுப்பு. பகலெல்லாம் வினோதினிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வந்தவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள், ரிப்போர்ட்டுகளைப் பெயர் வரிசையில் அடுக்குவாள். மாலை ஆறிலிருந்து ஏழு வரை இந்த வகுப்பு. ஏழு மணிக்கு மேல் டவுன் பஸ் வருகிற வரைக்கும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டைரி எழுதுவாள். எந்த வேலையையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, மூன்றாவது தடவை, சரிபார்த்த விதம் சரிதானா என்று சந்தேகப்படுகிற ரகம் அவள். அப்படிப்பட்டவள் நாற்பது தடவை ஒரே தப்பைச் செய்திருக்கிறாள்.

இன்று வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்காவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது. டீச்சர் அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்று, "ஏ, எஸ், டி, எஃப், இந்தக் கை" என்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் கண்ணாடி பார்க்கிற மாதிரி தன் வலது கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, எனக்கு எதுத்தாப்பல நின்னா என் இடது உனக்கு வலதாத் தெரியும். அதுக்காவ உன் இடது எங்கியாவது ஓடிடுமா?" என்றார் டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். வினோதினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடித்த வரியில் ஏழு பிழை விழுந்தது. எட்டாவது பிழை விழுவதற்குள் அவளுக்கு விரல் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். கடலூர் கெடிலம் மகளிர் கூடைப்பந்து அணியில் பிரிசில்லா என்றால் ஒரு பெயர். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. பந்து வளையத்தில் பட்டு எகிறினால் போதும், மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அது அவள் கையில் இருக்கும். போன ஏப்ரலில் அப்படி எகிறி இறங்கியபோதுதான் வலது முழங்காலில் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன், கட்டு, நடைப்பயிற்சி என்று ஒன்பது மாதம். அதற்குள் அணியின் மூத்த ஆட்டக்காரிகளில் இரண்டு பேர் கல்யாணமாகிப் போனார்கள், ஒருத்தி ரயில்வே வேலை கிடைத்து சென்னைக்குப் போனாள். புயலில் ஒரு பக்கத்து வளையமும் பலகையோடு சேர்ந்து சாய்ந்தது. கோச் அன்பரசு மிச்சமிருந்த ஒற்றை வளையத்தை வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குள்ளப் பெண்களை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். உயரம் இல்லையா, ஓடு. குதிக்க வரவில்லையா, பந்தை மாற்றிக் கொடு. முதல் ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றார்கள். நவம்பருக்குப் பிறகு ஆடிய ஆறில் நான்கு ஜெயித்தார்கள். எல்லாம் உள்ளூரில், அந்த ஒற்றை வளையத்திலேயே ஆடிய பாதி மைதான ஆட்டங்கள்.

பிரிசில்லா இல்லாத இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவள் வினோதினி.

இப்போது பிரிசில்லா திரும்பி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் குடியரசு தினப் போட்டி. "ஆட ஆரம்பிக்கலாம். ஆனால் இரண்டு காலிலும் சமமாக இறங்குகிறாளா என்று முதலில் கவனியுங்கள்" என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கவனிக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று கோச்சுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நம்ம வினோகிட்ட நோட்ட குடுத்தா எறும்பு எத்தினி கால்ல போவுதுன்னு எழுதிடும்" என்று சொல்லிவிட்டு அவர் சின்னப் பெண்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

இருப்பது ஒரே வளையம். அதன் கம்பத்துக்குப் பின்னால்தான் வேப்பமர நிழல். வினோதினி நிழலில் உட்கார்ந்தாள். வளையத்தைப் பார்த்துக் குதிக்கிற எவரும் அவளைப் பார்த்துத்தான் குதிக்க வேண்டும். நாற்பது கோடும் அப்படி விழுந்தவை.

காலையில் அவள் கணக்கைச் சொன்னதும் கோச் முகம் பூரித்துப் போயிற்று. "வலது கால்ல முப்பத்தேழா! ஆபரேஷன் பண்ணுன காலுல பயமே இல்லன்னு ஆயிடுச்சு பாரு!" என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து பேரின் பட்டியலை அப்போதே எழுதி வேப்பமரத்தில் செருகினார். அதில் பிரிசில்லா இருந்தாள். வினோதினி ஆறாவது. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சப்பென்று இறங்கியது நிஜம். ஆனால் கூடவே ஒரு பெருமையும் இருந்தது. தனக்குப் பாதகமான கணக்கைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டேன் பார் என்று.

அந்தப் பெருமைதான் இப்போது பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் அர்த்தம் வேறு. பிரிசில்லா உடம்புப் பாரம் முழுவதையும் நல்ல காலில் போட்டு இறங்குகிறாள். ஆபரேஷன் செய்த காலை நம்பவில்லை. ஆட்ட வேகத்தில் யாராவது இடித்து, அந்த வலது கால் தனியாகத் தரையில் விழுந்தால்? இன்னொரு ஒன்பது மாதம். இல்லை, அத்தோடு ஆட்டமே போச்சு.

சரி, காலையில் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் பிரிசில்லா பெயர் பட்டியலிலிருந்து போகும். யார் பெயர் ஏறும்?

பஸ் வந்தது. வினோதினி டைரியில் கடைசியாக ஒரு வரி எழுதினாள்: 'சொன்னால் எனக்கு லாபம். அதனால் சொல்வது கஷ்டம். ஆனால் முழங்கால் அவருடையது.' ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த வரியில் இரண்டு 'அதனால்' போட்டுவிட்டோமோ என்று திறந்து பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் மைதானத்துக்குப் போனபோது பனி காய்ந்து சிமெண்டுத் தரை வெளுக்க ஆரம்பித்திருந்தது. கோச் அன்பரசு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். தொப்பை குறுக்கே நிற்பதால் லேஸ் கட்டுவது அவருக்குத் தினசரிப் போராட்டம்.

"சார், நேத்து நான் சொன்ன கணக்கு தப்பு."

"எத்தினி தப்பு?"

"நாப்பதும்."

அவர் ஒரு காலில் லேஸைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். "ஏம்மா, நாப்பதுக்கு நாப்பது தப்பு பண்ணறதுக்கும் ஒரு தெறமை வேணும்."

வினோதினி நோட்டைத் திறந்து காட்டி விளக்கினாள். மரம், கம்பம், அவள் உட்கார்ந்திருந்த இடம், பிரிசில்லா நின்ற இடம் எல்லாவற்றையும் நேற்றே படமாக வரைந்து அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள். விளக்கி முடிப்பதற்குள் மற்றவர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். பிரிசில்லாவும்தான்.

முதலில் வாயைத் திறந்தவள் அருள்மொழி. அணியில் பந்தை விட வேகமாக வேலை செய்வது அவள் நாக்கு. "அடிப்பாவி, எடம் போனவொடனே கால மாத்திட்டியேடி! வியாழக்கெழம வலது, வெள்ளிக்கெழம இடது. சனிக்கெழம ரெண்டு காலுமே இல்லம்பியா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை.

"என் எடத்துல ஆடறது நீதான வினோ?" என்றாள். சத்தம் போடாமல் கேட்டதுதான் அதிகமாகச் சுட்டது.

"ஆமாக்கா."

"அப்ப எதுக்கு நேத்து சொன்னத இன்னிக்கி மாத்தற?"

"அதுக்காவத்தான் சொல்லவே வேணாம்னு பாத்தேன்க்கா. அப்பறம் உங்க முட்டி ஞாபகம் வந்துது."

"என் முட்டி எனக்குத் தெரியும்."

கோச் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டு கம்பத்தில் எந்த ஒயரைத் தொடலாம் என்று அவருக்குத் தெரியும். இது அவர் படித்த பாடமில்லை. "நானே நிண்ணு பாக்கறேன், மறுபடியும் நாப்பது குதி" என்றார்.

"குதிக்க வேணாம் சார்" என்று வினோதினி அவசரமாகச் சொன்னாள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் இரண்டு காலையும் ஜாக்கிரதையாக வைப்பார்கள்; நேற்றைய கணக்குக்கு மதிப்பே, எண்ணுவது பிரிசில்லாவுக்குத் தெரியாததால்தான். அது மட்டுமில்லை, நாற்பது குதி அந்தக் காலுக்கு ஆகாது. பிறகு என்ன செய்வது? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது வழக்கமாகச் செய்வது போலத் தரையைப் பார்த்தாள்.

தரையில் ஒரு வரிசை ஈரத் தடங்கள் இருந்தன. அருள்மொழி குழாயடியில் ஷூவில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டு அப்படியே நடந்து வந்திருக்கிறாள். குதிகால், விரல் பக்கம், அடிப்பாகத்துக் கோடுகள் எல்லாம் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தன. இடது தடம் நேராக, வலது தடம் வாத்துக்கால் மாதிரி வெளியே திரும்பி.

"சார், ஒரு சாக்கு வேணும்" என்றாள் வினோதினி. "நனைச்சுப் போட்டு, அத மிதிச்சுட்டு, காஞ்ச தரையில ஒரு சின்னக் குதி. என் நோட்ட நம்ப வேணாம். தரைய நம்புங்க."

"பார்ரா, டயலாக்கு!" என்றாள் அருள்மொழி. ஆனால் சாக்கு எடுத்து வர முதலில் ஓடியதும் அவள்தான்.

சாக்கைப் பிழிந்து விரித்தார்கள். வழுக்குமோ என்று கோச் முதலில் தானே மிதித்துக் குதித்துப் பார்த்தார். பொத்தென்று இரண்டு பெரிய தடம். "சார் எறங்குனா மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியே மேல வந்துடும், சாக்கே வேணாம்" என்றாள் அருள்மொழி. பிறகு ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. யார் தடம் யாருடையது என்று பந்தயம் கட்டினார்கள். கத்தலும் சிரிப்பும் கேட்டு, நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு வக்கீல்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கலகலப்பில் பிரிசில்லாவும் கொஞ்சம் தளர்ந்தாள். "தள்ளுங்கடி" என்று வந்து சாக்கை மிதித்தாள். யாருக்கோ எதையோ நிரூபிக்கிற நினைப்பில்லாமல், கை தன்னால் மேலே போக, ஒரு முழம் எழும்பி இறங்கினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை.

மூன்று இடது தடங்கள் முழுசாகக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் வலது காலுக்கு, விரல் பட்ட இடத்தில் மட்டும் மெல்லிய மூன்று பிறைகள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது; தடங்கள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கின. பிறைகள்தான் முதலில் மறைந்தன.

பிரிசில்லா அவை மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மாடிப்படி எறங்கும்போதும் இப்படித்தான்" என்றாள். "எங்கம்மா பாத்துடப் போறாங்கன்னு, அவுங்க பின்னாடி வந்தா நான் போன் பேசற மாதிரி நிண்ணுடுவேன். அவுங்க முன்னாடி போனப்பறம் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு எறங்குவேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடி சொல்றது? நான் இருந்தப்ப எல்லாப் பந்தும் எங்கிட்ட வரும். இப்ப நீங்க அஞ்சு பேரும் மாத்தி மாத்திக் குடுத்துக்கறீங்க. நான் இல்லாமயே ஜெயிக்கறீங்க. இன்னும் ரெண்டு மாசம் வெளிய உக்காந்தா, நான் எங்க நிக்கணும்னே எனக்கு மறந்துடும்."

வினோதினிக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஒன்பது மாதமும் தன்னை ஒரு கடன் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளாகவே அவள் நினைத்திருந்தாள். நாற்காலிக்குச் சொந்தக்காரிக்கும் இப்படி ஒரு பயம் இருக்கும் என்று அவள் டைரியில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கோச் மரத்திலிருந்து பட்டியலை உருவினார். "என் பேர போடாதீங்க சார், எனக்கு அடுத்து இருக்கற மாலதிய போடுங்க" என்று வினோதினி ஆரம்பித்தாள்.

"நடிக்காதடி" என்றாள் பிரிசில்லா. அவள் குரல் திரும்பி வந்திருந்தது. "நீதான் ஆடற. சார், நான் குதிக்கல. குதிக்காம நிக்கலாமில்ல? எகிற வேணாம், ஓட வேணாம். நடுவுல போயி நிக்கறேன். நான் குதிப்பேன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரு என்கூடவே நிப்பாளுங்க. பந்த தலைக்கு மேல வாங்கிக் குடுக்கறது மட்டும் என் வேல."

கோச் வாயைப் பிளந்தார். "கம்பம் மாதிரி?"

"கம்பம் மாதிரி. நீங்க தெனம் பாக்கறதுதான சார்!"

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் 'சரிங்க, சரிங்க' என்றார். குதிக்காமல், நான்கு நான்கு நிமிடமாக, மொத்தம் எட்டு நிமிடம் என்று அனுமதி கிடைத்தது. வெள்ளியும் சனியும் அதையே பழகினார்கள். வினோதினி பந்தைக் கொடுத்துவிட்டு பிரிசில்லாவைச் சுற்றி ஓட வேண்டும். ஓடி வருகிறவள் கைக்கு பந்து தானாக வரும். முதல் பதினெட்டு முறை பந்து அவள் முதுகிலோ தோளிலோ பட்டது. பத்தொன்பதாவது முறை கையில் விழுந்தது. இதையும் எண்ணினாள். பிரிசில்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்த அருள்மொழியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டியபோது, எலுமிச்சை சாதப் பொட்டலம் எல்லாம் காலியாகியிருந்தது. ஆடுவதற்கு முன்பு ஜாஸ்தி சாப்பிடக் கூடாது என்று கோச் சொல்லி முடித்ததும், தன்னுடைய இரண்டாவது பொட்டலத்தை அருள்மொழி கண்டுபிடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

சிதம்பரத்து மைதானத்தில் அவர்களை முதலில் பயமுறுத்தியது எதிரணி இல்லை. இரண்டு வளையம். பலகை, வலை எல்லாம் புதிது. "ரெண்டு வளையம் இருக்குடி!" என்று மாலதி வாய்விட்டே சொன்னாள். எதிரணிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடலூர்ல ஒண்ணுதான் வெச்சுருக்கீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணே ஜாஸ்தி" என்றாள் அருள்மொழி. "பந்து போவறதுக்கு எத்தினி ஓட்ட வேணும்?"

ஆட்டம் தொடங்கியது. முதல் பகுதியில் சிதம்பரம் ஆறு புள்ளி முன்னால் இருந்தது. இரண்டாவது பகுதியின் நடுவில் பிரிசில்லா உள்ளே வந்தாள். அவளைத் தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். எதிரணியின் உயரமான இரண்டு பேரும், அவள் சொன்ன மாதிரியே, அவளுடைய இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அவள் எகிறப் போகிறாள் என்று அவர்கள் எகிறினார்கள். அவள் எகிறவில்லை. கையை மேலே தூக்கிப் பந்தை வாங்கி, கீழே தரையில் தட்டி, ஓடிவந்த வினோதினிக்கு விட்டாள். மேலே போன இரண்டு பேரும் கீழே வருவதற்குள் பந்து வளையத்துக்குள் போய்விட்டது. இதே வேலையை நான்கு நிமிடத்தில் மூன்று முறை செய்தார்கள். இடைவேளையில் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாற வேண்டும். ஒரே வளையத்தில் ஒன்பது மாதம் பழகியவர்களுக்கு இது புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. விசில் ஊதியதும் பந்து அருள்மொழி கையில் வந்தது. அவள் எதையும் யோசிக்காமல், அழகாக, யாரும் தடுக்காமல், தங்கள் சொந்த வளையத்தைப் பார்த்துப் பறந்தாள். தடுக்க ஏன் யாரும் வரவில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று நாளாக எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்ற ஒரே நினைப்பில் இருந்தவள் வினோதினி. "அருளு! அது நம்ம வூடுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அருள்மொழி வளையத்துக்கு அடியில் போய்ச் சறுக்கி நின்றாள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நடுவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். திரும்பி ஓடி வரும்போது அவள் வினோதினியைக் கடந்து, "வெள்ளிக்கெழம சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி நான்கு நிமிடத்துக்கு பிரிசில்லா மறுபடி வந்தாள். கடைசி அரை நிமிடம் இருக்கும்போது நாற்பத்து நான்குக்கு நாற்பத்து நான்கு. பந்து பிரிசில்லாவிடம் போனது. சிதம்பரத்துப் பெண்கள் இந்தத் தடவை ஏமாறவில்லை, எகிறாமல் நின்றார்கள். பிரிசில்லாவும் நின்றாள். ஒரு கணம் மூன்று கம்பங்கள் மாதிரி நின்றார்கள். வினோதினி ஓடிக்கொண்டே இருந்தாள், ஒரு சுற்று, பாதிச் சுற்று. அவர்களில் ஒருத்தி தலையைத் திருப்பிய நொடியில் பந்து வினோதினியின் கைக்கு வந்தது. போட்டாள். வளையத்தில் இரண்டு தடவை தட்டி, யோசித்து, உள்ளே விழுந்தது. நாற்பத்து ஆறு.

எதிரணி ஓடிவந்து அவசரத்தில் எறிந்த பந்து பலகையில் பட்டு மேலே எகிறியது. பிரிசில்லாவின் தலைக்கு நேர் மேலே. அவள் வாழ்நாளெல்லாம் எதற்காகக் குதித்தாளோ அந்தப் பந்து. வினோதினி பந்தைப் பார்க்கவில்லை. அவள் கண் பிரிசில்லாவின் முழங்காலில் இருந்தது. முழங்கால் மடிந்தது. குதிகால் தரையை விட்டு ஓர் அங்குலம் எழுந்தது.

அங்கேயே நின்றது.

பிரிசில்லா குதிக்கவில்லை. இடுப்பைப் பின்னால் தள்ளி, எதிரணியின் உயரமானவளை முதுகாலேயே ஒதுக்கி, "வினோ, எடுடி!" என்று கத்தினாள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள வினோதினி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் குதித்தாள். பந்து விரல் நுனியில் மாட்டியது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். விசில்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது, எண்ண யாரும் இல்லை, தடுக்க யாரும் இல்லை. பிரிசில்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல், ஜோராக ஒரு குதி குதித்தாள். வெளியே கோச் "அய்யய்யோ!" என்றார். வினோதினி பந்தைக் கட்டிப்பிடித்தபடி அவளுடைய கால்களைப் பார்த்தாள்.

இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் இறங்கின. ஒரே சத்தம்.

பிரிசில்லாவே குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு வினோதினியைப் பார்த்தாள். "பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எந்த காலு?"

வினோதினிக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. தான் எந்தப் பக்கம் நிற்கிறோம், அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று ஒரு முறை யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ரெண்டும்க்கா. எங்க நிண்ணு பாத்தாலும் ரெண்டுதான்."

"குதிச்சதுக்கு ரெண்டு பேரையும் தொலைச்சுடுவேன்" என்று கோச் வந்தார்.

"நான் என்ன சார் பண்ணேன்?" என்றாள் வினோதினி.

"நீ எண்ணுன!"

பஸ் நிலையம் பக்கத்தில் இட்லியும் வடையும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டார்கள். கொத்சு தீர்ந்துபோய் மறுபடி கேட்க, கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எத்தினி பேரும்மா நீங்க?" என்றார். "அத எங்க வினோகிட்ட கேளுங்க, இடம் வலம் சேத்துச் சொல்லுவா" என்றாள் அருள்மொழி. பிரிசில்லா தன் முழங்காலில் ஐஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, வினோதினியின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றாள். கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் வெளிச்சம் போவதற்குள் வினோதினி டைரியைத் திறந்தாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணியது. கோணினாலும் படிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதினாள்.

ஜனவரி 25, ஞாயிறு.

46–44. பிரிசி அக்கா எட்டு நிமிடம் ஆடினார். ஆட்டத்தில் குதித்தது பூஜ்யம். ஆட்டம் முடிந்த பிறகு ஒன்று. இரண்டு காலிலும் இறங்கினார். ஒரு தடவை நடந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். முழு ஆட்டம் ஆட இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று அக்காவே சொன்னார். நான் கேட்கவில்லை.

நாளை: அரையிறுதி காலை ஒன்பது மணிக்கு. கடலூர் பஸ் நிலையத்தில் ஐந்தரைக்கு நிற்க வேண்டும். சாக்கு என் பையில். டாக்டர் சரியென்றால், ஆட்டத்துக்கு முன்பு அதை நனைத்து விரித்து, அக்கா ஆறு சின்னக் குதி. நானும் அருள்மொழியும் அக்காவுக்குப் பின்னால் நின்று தனித்தனியாக எண்ண வேண்டும்.